சதுர ஆட்டுக்காரி பொன்னம்மாள்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உப்பளத்துப் பக்கம் கைகாட்டி, "பொன்னம்மா வூடு எது?" என்று கேட்டால் நாலைந்து பொன்னம்மாளைச் சொல்வார்கள். "சதுர ஆட்டுக்காரி" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆற்றிக்கொண்டிருப்பவர்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வழி சொல்வார். அவளிடம் சதுரமான ஆடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதனால் என்ன? பட்டப்பெயர் வைப்பதற்கு ஊர் யாரிடமும் அத்தாட்சி கேட்பதில்லை.

பெருமுக்கல்லில் பிறந்தவள். பதினேழு வயதில் பஞ்சநாதனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டு மரக்காணத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்த மறுவாரமே தலையில் உப்புக்கூடை ஏறிவிட்டது. அதற்கப்புறம் இருபத்தேழு வருஷம், தை பிறந்ததிலிருந்து மழை இறங்கும் வரை, விடிவதற்கு முன்னே பாத்திக்குப் போய் உப்பு வாருவதும், வெயில் ஏறிக் கண்ணைக் குத்தும் நேரத்தில் திரும்புவதும்தான் பிழைப்பு. அந்த வெள்ளையையே பார்த்துப் பார்த்துக் கண் இடுங்கிப்போய், சும்மா பார்த்தாலே முறைப்பது போல இருக்கும். வாயும் அதற்குத் தகுந்த மாதிரிதான். பஞ்சநாதன் நேர்மாறு. மூட்டை தூக்கும் ஆள். எது நடந்தாலும் "ஆவட்டும்" என்பார். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும் அதையேதான் சொன்னாராம்.

2004 மார்கழியில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் ஏறி வந்து அவர்கள் குடிசையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் அன்றைக்கு பிரம்மதேசத்தில், கட்டிக்கொடுத்த மகள் கலைமதியைப் பார்க்கப் போயிருந்தார்கள். அவளுக்கு அப்போது நாலாம் மாசம். அதனால் உயிர் தப்பியது. திரும்பி வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் சேறும் எவனுடையதோ ஒரு வலையும் கிடந்தன. வளர்த்த வெள்ளாடு மட்டும் உப்பு அம்பாரத்தின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு, இவர்களைப் பார்த்ததும் வசவு விடுவது போலக் கத்தியது.

வீடு போனவர்களுக்கு மேட்டுப் பக்கத்தில் வரிசையாக நாற்பது கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். பத்தடிக்குப் பத்தடி. நாலு பக்கமும் கறுப்புத் தார் ஷீட், மேலேயும் தார் ஷீட். தை மாசத்தில் கொடுத்தபோது எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் வாங்கினார்கள். பங்குனி பிறந்ததும் சங்கதி தெரிந்தது. பகல் பத்து மணிக்கு மேல் உள்ளே போனால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி. மேலே உருகிய தார் சொட்டும். பாத்தியில் வெந்துவிட்டு வந்து வீட்டிலும் வேக வேண்டும். நாற்பது குடும்பமும் பகல் முழுக்க வெளியே, கொட்டகையின் ஒரு முழ நிழலில், வரிசையாகக் குந்தியிருக்கும்.

பொன்னம்மாள் இதையெல்லாம் சகித்துக்கொண்டிருப்பாள். அவள் கவலை வேறு. கலைமதிக்குத் தலைப்பிரசவம். வைகாசி முதல் வாரத்தில் என்று நாள் சொல்லியிருந்தார்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதில் ஏழை பணக்காரன் கிடையாது. கலைமதி பிறப்பதற்கு முன் பொன்னம்மாளையும் அவள் அம்மா பெருமுக்கல்லுக்கு அழைத்துப் போனாள். அந்த மூன்று மாசம்தான், கல்யாணமான பிறகு அவள் வேலை செய்யாமல் படுத்த மூன்று மாசம். சுடச்சுட ரசம் சோறு, எண்ணெய் தேய்த்த வெந்நீர்க் குளியல், பாத்திப் பக்கமே போகாத கால். பெற்ற பெண்ணுக்கு அதையாவது கொடுக்க வேண்டாமா? அதுவும் இல்லையென்றால் அம்மா என்று ஒருத்தி எதற்கு?

பங்குனி மாசம் சம்பந்தி பாப்பாத்தி இடம் பார்க்க வந்தாள். பிரம்மதேசத்தில் நாலு காணி நெல் விளைகிற வீட்டுக்காரி. கொட்டகைக்குள் நுழைந்தாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"இன்னா சம்பந்தி இது? வூடா, பெட்டியா? பச்சப்புள்ளய இதுல போட்டா அவிஞ்சி பூடும். பிரசவம் எங்க வூட்லயே ஆவட்டும். இதுக்கு ஒரு வழி பண்ணா வந்து சொல்லு, அனுப்புறேன்."

சம்பந்தி சொன்னதில் தப்பில்லை. அதுதான் பொன்னம்மாளுக்குத் தாங்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆற்றிக்கொண்டிருப்பாள். அன்று சாயந்திரம் காசிலிங்கத்தின் டீக்கடைக்குக் கலைமதி போன் போட்டு, "நான் ஒங்கிட்டதாம்மா வருவேன்" என்று அழுதாள். பொன்னம்மாளும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் சூடு பாதி குறைந்துவிடும். அதற்கு அனுமதி கேட்டு மூன்று மனு கொடுத்தாள். மூன்றாவது தடவை ஒரு அதிகாரி பொறுமையாகவே பதில் சொன்னார்.

"கீத்து போட்டா தீப்பிடிக்கும்மா. நாப்பது வீடும் போயிடும். ரூல் இல்ல."

"சரிங்க. வேற இன்னா பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

"அதுக்கும் ரூல் இல்ல."

இப்படி இருக்கும்போதுதான் இன்டர்நெட்டில் அந்த ஆடு வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ராஜ்கமல் என்பவர் நெட் சென்டர் வைத்திருந்தார். முப்பது வயது, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். பரீட்சை ரிசல்ட் பார்க்கத்தான் கூட்டம் வரும், மற்ற நாளில் ஈ ஓட்டுவார். அவருக்கு எவரோ ஒரு மெயில் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு வெப்சைட். திறந்தால், ஒரு சதுரத் தகர டப்பா. டப்பாவிலிருந்து ஆட்டுக்குட்டித் தலை ஒன்று எட்டிப் பார்க்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, பிறந்த குட்டியை டப்பாவுக்குள் வைத்து அப்படியே வளர்க்கிறதாம். ஆடு டப்பா ரூபத்திலேயே, சதுரமாக வளருமாம். லாரியில் அடுக்க வசதி, இடம் மிச்சம், வேண்டியவர்கள் ஆர்டர் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. ராஜ்கமலுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து, கீழே தமிழில் எழுதி, காசிலிங்கத்தின் டீக்கடை சுவரில் ஒட்டினார்.

அன்றைக்கு டீக்கடையில் நடந்ததைக் கேட்கவா வேண்டும்! பெஞ்சில் இடமில்லை. "அடப்பாவிங்களா, வாயில்லா ஜீவன்யா" என்று கண்கலங்கியவர்கள் பாதி. கலங்கிய கையோடு பக்கத்துக் கறிக்கடைக்குப் போய் அரைக்கிலோ வாங்கியவர்களும் அதில் உண்டு. உப்பு லோடு அடிக்கும் லாரி டிரைவர் சகாதேவன் மட்டும் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "யோசன ஒண்ணும் மோசம் இல்லயே, மூட்டைக்கு மேலயே அடுக்கலாம்" என்றார். நாலு பேர் அடிக்கப் போனார்கள்.

"இது பொய்யா இருக்கும்பா" என்று சொல்லிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த வருஷம் மரக்காணத்தில் அப்படிச் சொல்வது சுலபமில்லை. காசிலிங்கம் ஒரே போடாகப் போட்டார்.

"கடலு எழுந்து வந்து வூட்டுக்குள்ள நின்னுச்சே, அத மொத நாளு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? அதுவே ஆச்சு. ஆடு சதுரமா ஆவறது பெரிய விஷயமா?"

பொய் என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த கேள்வி, இந்த மாதிரி இங்கேயும் எவனாவது செய்கிறானா என்பது. கேள்வி வந்துவிட்டால் பதில் வராமல் போகுமா? காசிலிங்கமே யோசித்துச் சொன்னார். "மேட்டுக் கொட்டகைப் பக்கம், நம்ம பொன்னம்மா, குட்டிங்கள பெட்டியில போட்டு வெச்சிருக்குது. நானே பாத்தேன்."

பார்த்தது நிஜம். பொன்னம்மாளின் வெள்ளாடு மாசியில் இரண்டு குட்டி போட்டிருந்தது. உப்பளத்தில் குட்டியை அவிழ்த்து விடக் கூடாது. நேரே பாத்திக்கு ஓடும், கெட்டியான உப்புத் தண்ணீரைக் குடிக்கும், வயிறு உப்பிச் செத்துப்போகும். மிதித்த பாத்திக்கு முதலாளியின் ஏச்சு தனி. வழக்கமாகப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு வேலைக்குப் போவாள். பஞ்சாரத்தையும் கடல் கொண்டுபோயிருந்தது. நிவாரணத்தில் எந்தக் குளிர் தேசத்துப் புண்ணியவானோ கம்பளிச் சட்டைகள் அனுப்பியிருந்த பலகைப் பெட்டி ஒன்று கிடந்தது. மரக்காணத்தில் கம்பளிச் சட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டையைக் கீழே விரித்து, குட்டிகளைப் பெட்டியில் விட்டுவிட்டுப் போவாள். பத்து மணிக்கு வந்து திறந்துவிடுவாள். அதுவரை குட்டிகள் பலகைச் சந்தில் தலையை நீட்டிக்கொண்டு ரோட்டை வேடிக்கை பார்க்கும்.

அந்த மெயிலிலேயே, கண்டனம் தெரிவிக்க என்று சில விலாசங்கள் இருந்தன. புதுச்சேரியில் ஒரு பிராணிகள் நலச் சங்கம் அதில் ஒன்று. ராஜ்கமல் அதற்கு எழுதிப்போட, இரண்டாம் நாளே ஜீப் வந்தது. இறங்கியவள் பெயர் கீதாஞ்சலி. கண்ணாடி போட்ட அம்மாள், நாற்பது வயதிருக்கும், கையில் நோட்டு, தோளில் கேமரா. நல்ல மனசுக்காரி. தெருநாய்க்குக் கால் ஒடிந்தால் மடியில் தூக்கிவைத்துக் கட்டுப்போடுகிற ரகம்.

பொன்னம்மாள் அப்போதுதான் வேலை முடிந்து காலில் உப்போடு வந்து நின்றாள். டீக்கடைச் சுவர், வெப்சைட், சதுர ஆடு, எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்குப் பட்டது நோட்டு ஒன்றுதான்.

நோட்டோடு வருகிறவர்களைப் பற்றி அந்தத் தெருவுக்கு நாலு மாசத்தில் நல்ல பாடம் கிடைத்திருந்தது. முதல் கணக்கெடுப்பில் பொன்னம்மாள் யோக்கியமாக "ரெண்டு பேரு" என்றாள். இரண்டு பேருக்கு அரிசி வந்தது. பக்கத்துக் கொட்டகை அமராவதி கூசாமல் ஆறு என்றாள். ஆறு பேருக்கு அரிசியும் ஒரு ஸ்டவ்வும் வந்தன. அன்றைக்கே அமராவதி புத்தி சொல்லிவிட்டாள். "நோட்டு வந்தா தலைய கூட்டிச் சொல்லு, கஷ்டத்த ஏத்திச் சொல்லு. கொறைச்சி சொன்னவ எவளும் உருப்படல." கணக்கெடுக்கும் நாளில் பிள்ளைகளை இரவல் வாங்கிக்கொள்வதுகூட அங்கே சாதாரணம்.

கீதாஞ்சலி பெட்டியைப் பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்துகொண்டு கேட்டாள். "இந்த மாதிரி மொத்தம் எத்தனை குட்டிம்மா வெச்சிருக்கீங்க?"

பொன்னம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏழும்மா."

"ஏழா! எத்தனை நாளா இதுக்குள்ள இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்தே இதுலதாம்மா கெடக்குதுங்க. பாவம், நிமிர முடியல, திரும்ப முடியல. படாத பாடு படுதுங்க."

"வெளியில விடுறதே இல்லையா?"

"எங்கம்மா வுடறது! இப்பிடியேதாம்மா வளரணும்" என்று முந்தானையால் கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள்.

கீதாஞ்சலியும் அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் எழுதினாள், போட்டோ எடுத்தாள். ஜீப் போனதும் பொன்னம்மாள் அமராவதியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னாள். "இந்த தபா சரியா சொல்லிட்டேன்டி. ஆட்டுக்கும் ஏதோ குடுக்கறாங்க போலக்குது."

இரண்டு நாள் கழித்து ஒரு சாயந்திரப் பேப்பரில் வந்துவிட்டது. 'மரக்காணத்தில் சதுர ஆடுகள்: பெண் கண்ணீர் வாக்குமூலம்.' ஜோலி முடிந்தது. திண்டிவனத்திலிருந்து வேன் வந்தது, புதுச்சேரியிலிருந்து பைக் வந்தது, கீழ்புத்துப்பட்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்த கூட்டம் அப்படியே இங்கேயும் ஒரு எட்டு வந்தது. காசிலிங்கத்தின் கடையில் பால் தீர்ந்து தீர்ந்து போயிற்று. வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி நின்று குட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குட்டிகள் எல்லா ஊர்க் குட்டிகளையும் போலவே இருந்தன. கூட்டத்துக்கு ஒரே ஏமாற்றம். பஸ் காசு செலவழித்து வந்தவன் வெறும் ஆட்டைப் பார்த்துவிட்டுப் போவானா? "பின்பக்கம் பாரு, லேசா முனை தெரியுது" என்றார் ஒருவர். அதற்கப்புறம் எல்லோருக்கும் தெரிந்தது.

நாலு பேர் மூஞ்சிக்கு நேரே திட்டினார்கள். "நீயெல்லாம் பொம்பளையா?" என்று ஒருத்தி கேட்டாள். பொன்னம்மாளுக்கு அப்போதுதான், காசிலிங்கத்தின் கடைச் சுவரைப் பார்த்த பிறகுதான், எதற்குத் தலையாட்டித் தொலைத்தோம் என்பதே புரிந்தது.

"ஐயோ, எஞ்சாமி! நான் ரெண்டு குட்டிய வெச்சிக்குனு ஏழுன்னேன், அவ்ளோதான்யா!" என்று புருஷனிடம் புலம்பினாள்.

"ஆவட்டும்" என்றார் பஞ்சநாதன்.

"இன்னாய்யா ஆவட்டும்? ஜெயிலுக்குப் போறதா?"

பிரம்மதேசத்துக்கும் பேப்பர் போயிருந்தது. பாப்பாத்தி ஆள் அனுப்பிச் சொன்னாள். ஆட்டையே பெட்டியில் அடைக்கிறவள் பிள்ளைத்தாய்ச்சியை என்ன செய்வாளோ, வளைகாப்புக்கு மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகட்டும், பெண்ணை அனுப்புகிற பேச்சே வேண்டாம். பொன்னம்மாள் அன்று சோறு தின்னவில்லை.

அரசாங்கத்தில் கால்நடை டாக்டரை அனுப்பினார்கள். ஏழு குட்டி இருக்கிறதென்று சொல்லியாயிற்று, ஏழைக் காட்டியாக வேண்டும். அமராவதி ஓடியோடி ஐந்து குட்டி இரவல் வாங்கி வந்தாள். தெருவுக்கு அது கைவந்த வேலை. டாக்டர் இஞ்ச் டேப் வைத்து ஏழையும் அளந்தார். 'ஆட்டுக்குட்டிகள் ஆட்டுக்குட்டி வடிவத்திலேயே உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? சங்கத்தில் அதை வேறு மாதிரி படித்தார்கள். சதுரமாவதற்குள் தடுத்துவிட்டோம்! அடுத்த பேப்பரில் அதுவும் வந்தது.

கீதாஞ்சலி மறுபடி வந்தாள். இந்த முறை முகத்தில் கோபமில்லை. "நீங்க ஏழ்மையிலதான் இப்படிச் செஞ்சிருக்கீங்கன்னு புரியுது. தண்டிக்கிறது எங்க நோக்கம் இல்ல. இந்தக் குட்டிங்களுக்கு ஒரு மாதிரிக் கொட்டகை நாங்களே கட்டித் தர்றோம். இன்னும் பத்து நாள்ல."

"மாதிரிக் கொட்டகன்னா?"

கீதாஞ்சலி படம் வரைந்த காகிதத்தை விரித்தாள். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மூங்கில் பரண். நாலு பக்கமும் பாதி உயரத்துக்குத் தட்டி, மேல் பாதி காற்றுக்குத் திறந்தது. கூரை, கனமாக வேய்ந்த தென்னங்கீற்று. "ஆடு உஷ்ணம் தாங்காதும்மா. காத்தோட்டம் ரொம்ப முக்கியம்" என்றாள்.

பொன்னம்மாள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கீத்துக்கு ரூல் இல்லன்னாங்களேம்மா?"

"அது வீட்டுக்கு. கேட்டுட்டேன், ஆட்டுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையாம்."

வரிசையின் கடைசியில், பூவரச மரத்தடியில், இடம் குறித்தார்கள். மூங்கில் வந்து இறங்கியது.

மூங்கில் நட்டு, கூரைக்குக் கைமரம் கட்டிக்கொண்டிருந்த அன்றைக்கு ராஜ்கமல் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் இன்னொரு பிரின்ட்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சுக்கா. அந்த வெப்சைட்டு பொய்யாம். எவனோ காலேஜ் பசங்க தமாசுக்குப் பண்ணதாம். அடியில பொடி எழுத்துல அவனே போட்டிருக்கான், 'யாரும் நம்ப வேண்டாம், இது வேடிக்கை'ன்னு. நான் மொதப் பக்கத்த மட்டும்தான் பிரின்ட் எடுத்தேன். ரெண்டாம் பக்கத்த பாக்கல. இப்பவே போயி கடையில ஒட்டிட்டு, அந்த மேடத்துக்கும் மெயில் போட்டுடறேன். உங்க பேரு சுத்தமாயிடும்."

மனுஷன் கண்ணில் தண்ணீர். பொன்னம்மாள் அண்ணாந்து கைமரத்தைப் பார்த்தாள். கீற்றுக் கட்டு இன்னும் கீழேதான் கிடந்தது. பேர் சுத்தமாக வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். பத்து நாளாக ரோட்டில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. ஆனால் வளைகாப்புக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

"தம்பி, ஒனக்குப் புண்ணியமாப் போவுது. கூர ஏர்ற வரைக்கும் வாய மூடிக்குனு இரு."

"அக்கா, ஊரே உங்கள கண்டபடி பேசுது!"

"பேசட்டும். பேசுற வாயி என்னிக்காவது என் தலைமேல நெழலு போடுமா? போ, போயி கடைய பாரு."

ராஜ்கமல் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கூரை ஏறிய அடுத்த நாள்தான் டீக்கடையில் ஒட்டினார்; மேடத்துக்கு மெயில் போடுவதைக் கொட்டகை திறக்கும் வரை தள்ளிப்போட்டார். அதற்குள் ஊருக்குச் சதுர ஆடு அலுத்துப்போயிருந்தது. இரண்டொருவர் படித்தார்கள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் காசிலிங்கம். பட்டப்பெயரை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கொட்டகை திறந்த அன்று இரவல் குட்டிகளோடு ஏழும் பரண் மேல் நின்று போட்டோவுக்கு முகம் காட்டின. 'மாதிரி ஆட்டுக் கொட்டகை' என்று பலகை மாட்டினார்கள். ஜீப் திரும்பிப் போனதும் ஐந்து குட்டியும் அதனதன் வீட்டுக்குப் போயின. பொன்னம்மாள் இரண்டு குட்டியையும் தாயாட்டையும் தார் ஷீட் கொட்டகைக்கு ஓட்டிவிட்டு, பரணைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பாய் விரித்தாள். பிறகு பிரம்மதேசம் பஸ்ஸில் ஏறி, பாப்பாத்தியைக் கையோடு கூட்டி வந்தாள்.

பாப்பாத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். பரணில் உட்கார்ந்தாள். கிழக்கிலிருந்து கடல் காற்று தட்டிக்கு மேலாகச் சிலுசிலுவென்று வந்தது. "காத்து ஜாஸ்தியாத்தான் கீது" என்று குறை சொல்வது போலச் சொன்னாள். கொஞ்சம் சாய்ந்தாள். அரைமணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினாள். எழுந்ததும் கொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"ஆட்டுக்குன்னு கட்னதா இது?"

"ஆமா சம்பந்தி."

"எங்க வூட்டு ரேழிய வுட நல்லாக்குது. வெள்ளிக்கெழம வளகாப்பு முடிஞ்சதும் கூட்டிக்குனு வா."

பொன்னம்மாள் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கலைமதி வந்தாள். சித்திரை வெயில் கொளுத்திய இருபது நாளும் பரண் மேல் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தாள். ரசம் சோறு, வெந்நீர், எல்லாம் நடந்தது. வைகாசி நாலாம் தேதி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் கொண்டுவந்து, மூங்கில் கைமரத்தில் புடவைத் தூளி கட்டிப் போட்டார்கள். 'மாதிரி ஆட்டுக் கொட்டகை' என்ற பலகை தூளிக்கு நேர் மேலே இருந்தது. கழற்றுவோமா என்று பஞ்சநாதன் கேட்டதற்கு, "இருக்கட்டும், அதுதான்யா நம்ம பட்டா" என்றாள் பொன்னம்மாள்.

மாசக் கடைசியில், நடுப்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்து நின்றது. கீதாஞ்சலி நோட்டோடு இறங்கினாள். பரண் மேல் தூங்கும் பச்சை உடம்புக்காரியையும் ஆடுகிற தூளியையும் பார்த்து நின்றுவிட்டாள். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

"அந்த வெப்சைட் பொய்னு தெரிஞ்சுபோச்சும்மா. உங்களப் போய் தப்பா எழுதிட்டோம். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள் கீதாஞ்சலி மெதுவாக.

"எனக்கு அப்பவே தெரியும்மா. கூர போடுறதுக்கு முந்தியே."

கீதாஞ்சலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஏழு குட்டி?"

"ரெண்டுதாம்மா. மிச்சம் எரவலு."

"அந்த ரெண்டும் இப்ப எங்க?"

தாயாடு பரண் மேல் ஏறிக் கீற்றைக் கடிக்கிறது, குழந்தை முழித்துக்கொள்கிறது என்று கொஞ்ச நேரம் முன்புதான் மூன்றையும் ஷீட் கொட்டகைக்குள் விட்டிருந்தாள். கையைக் காட்டினாள். கீதாஞ்சலி போய்க் குனிந்து உள்ளே நுழைந்தாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஆடுகளை வெளியே விரட்டிக்கொண்டு, சேலை முழுக்க வேர்வையாக வந்தாள்.

"என்னம்மா இது! உள்ள நிக்கவே முடியல. மூச்சு முட்டுது. வாயில்லா ஜீவன், இதுக்குள்ள அடைச்சா செத்துப்போயிடாதா? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா" என்றாள் பொன்னம்மாள். "நாங்க நாலு மாசம் இருந்தோம்."

கீதாஞ்சலியின் கையில் நோட்டு திறந்தே இருந்தது. "எத்தனை பேரு?"

பொன்னம்மாள் நோட்டைப் பார்த்தாள். "ரெண்டு பேரு" என்றாள்.

கீதாஞ்சலி திரும்பி அந்த வரிசையைப் பார்த்தாள். ஒரே மாதிரி கறுப்புக் கொட்டகைகள். ஒவ்வொன்றின் வாசலிலும், சுருங்கிப்போன நிழலில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு ஆட்கள். அமராவதி ஒரு கைக்குழந்தைக்கு விசிறியபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தெருவுக்கு கீதாஞ்சலி இத்தனை தடவை வந்திருக்கிறாள். பெட்டியைத்தான் பார்த்தாள்.

"அவங்கல்லாம் இன்னும் இதுலதான் இருக்காங்களா?"

"வேற எங்க போவாங்க?"

"நாங்க ஏதாவது..." என்று ஆரம்பித்து கீதாஞ்சலி நிறுத்திக்கொண்டாள். நோட்டைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஆட்டுக்குத்தான் கட்டம் போட்டிருந்தது. வயது, எடை, தீவனம், காற்றோட்டம். "எங்க சங்கத்துல மனுஷங்களுக்குச் செலவு பண்ண வழியில்லம்மா. கீத்து போடவும் உங்களுக்கு ரூல் இல்லன்றீங்க. பிராணிங்களுக்குன்னாதான் நான் எழுதவே முடியும்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கு ஏம்மா கண்ண கசக்கிக்கிற?" என்றாள் பொன்னம்மாள். தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, இடுங்கின கண்ணால் அந்த வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை பார்த்தாள். "எண்ணிக்கையெல்லாம் நான் சரியா சொல்றேன், ஒண்ணுகூட கூட்டிச் சொல்லல. முப்பத்தொம்பது வூடு. எல்லாரையும் ஆடுன்னே எழுதிக்கோம்மா. நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."